கழித்துப் போட்ட கோடாலி

விறகு பிளப்பதற்குக் கூர்மையான கோடாலி உதவாது. இதைச் சொன்னால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். கூர்மை வெட்டுவதற்கு, பிளப்பது வேறு வேலை. மரத்தின் நார் ஓடுகிற வழியிலேயே அதை இரண்டாக விலக்க வேண்டும். அதற்குக் கனம் வேண்டும், தடித்த கன்னம் வேண்டும். மெல்லிய வாயுள்ள கோடாலி மரத்துக்குள் போய், விருந்துக்கு வந்த மைத்துனன் மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிடும். தடித்தது உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே போகும்.

இப்போது என் மருமகள் ஒரு குமிழைத் திருகினால் அடுப்பில் நீலமாக நெருப்பு வருகிறது. இந்த ஞானத்தால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை. எனக்கே ஒரே ஒரு தடவைதான் பயன்பட்டது. அந்தத் தடவையும் கொஞ்சம் தாமதமாக.

ஜப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம் அது. நான் மலாக்கா டவுனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஸ்டோர் கிராணியாக, அதாவது சாமான் கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு வரை படித்தவன். சாமான் வாங்குவது, வைப்பது, கொடுப்பது, கழிப்பது என்று எல்லாவற்றுக்கும் உள்ள விதிகள் எனக்கு மனப்பாடம். பிரிட்டிஷ்காரன் ஓடிவிட்டான், அவனுடைய விதிப்புத்தகம் ஓடவில்லை. அச்சிட்ட படிவங்களின் தலையில் இருந்த கிரீடத்தின் மேல் மையால் ஒரு கோடு கிழித்துவிட்டு அதே பாரங்களைப் பயன்படுத்தினோம். சுவர்க் கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாறியிருந்தது. ஒன்றரை மணி நேரம் முன்னால். சூரியன் மட்டும் பழைய ஆட்சிக்கே விசுவாசமாக இருந்தது. ஆகவே காலையில் அரை இருட்டில் வாசலில் வரிசையாக நின்று, தோக்கியோ இருக்கும் திசையில் குனிந்து வணங்கிவிட்டு, உள்ளே போய் முன்பு செய்த அதே வேலையைச் செய்தோம்.

ஒரு நாள் தலைமைக் கிராணி என்னைக் கூப்பிட்டார்.

"உட்காருங்க தம்பி."

அவருக்குக் கீழே நான்கு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. முதலாவது, சயாமில் ரயில் பாதை போட அனுப்ப வேண்டிய உபரி ஆட்களின் பட்டியல். எங்கள் அலுவலகம் பதினொரு பேரைக் கொடுக்க வேண்டும். பதினோராவது வரியில் என் பெயர்.

"கிராணிங்களையுமா ஐயா அனுப்புறாங்க?"

"கடுதாசியில 'ஆள்'னுதான் தம்பி போட்டிருக்கு. என்ன படிச்ச ஆள்னு கேக்கல. ஸ்டோர்ல சாமானே இல்ல, அப்புறம் ஸ்டோர் கிராணி எதுக்குன்னு அதிகாரி கேக்குறாரு. நியாயந்தானே?"

"நியாயந்தான் ஐயா," என்றேன். பழக்கதோஷம்.

சயாமைப் பற்றி அதற்குள் எல்லோருக்கும் தெரியும். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களிலிருந்து லாரி லாரியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். போனவர்களில் ஒருவரிடமிருந்தும் கடிதம்கூட வரவில்லை. எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்.

இரண்டாவது காகிதம் விறகைப் பற்றியது. மண்ணெண்ணெய் இல்லை, பெட்ரோலுக்குப் பதிலாகக் கரி முழுவதும் லாரிகள் ஓட்டப் போய்விட்டது. ராணுவ முகாமின் சமையற்கட்டுக்கு எங்கள் அலுவலகம் பிளந்த விறகு கொடுக்க வேண்டும். பத்து நாளுக்குள் அலுவலக வேலியோரம் ஆள் உயரத்துக்கு ஓர் அடுக்கு. அதற்கப்புறம் தினமும் ஒரு வண்டி.

"இதுக்கு ரெண்டு கைப்பட்டி குடுத்திருக்காங்க. கையில பட்டி கட்டுனவனை சயாமுக்குப் புடிக்க மாட்டாங்க. ஒண்ணு பொறுப்பா இருக்கறவருக்கு, ஒண்ணு வேலைக்காரனுக்கு. நீங்க பொறுப்பு ஏத்துக்கிறீங்களா?"

"ஏத்துக்கிறேன் ஐயா."

"விறகு பொளந்திருக்கீங்களா?"

"விதிமுறை இருக்குமே ஐயா."

அவர் பட்டியலைத் தட்டிக் காட்டினார். "பத்தாம் நாளு அடுக்கு நின்னா இந்த வரியை அடிச்சுடுவேன். நிக்கலைன்னா வரி நிக்கும். அது வரைக்கும் லிஸ்ட்டு இந்த மேசையிலேயே இருக்கும்."

இரண்டாவது பட்டியை அலுவலகத் தோட்டக்காரருக்குக் கட்டினேன். புக்கிட் பாரு பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர். நாற்பது வயது இருக்கும். புல்தரை முழுவதும் மரவள்ளி நட்டாகிவிட்டதால் தோட்டம் என்று ஒன்று இல்லை, அவரும் உபரிதான். ஆனால் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மரவள்ளிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமென்று தலைமைக் கிராணி நினைத்திருக்கலாம்.

ஸ்டோரில் வேறு எது இல்லாவிட்டாலும் ஒரு டஜன் கோடாலி இருந்தது. சீமையிலிருந்து வந்தவை, எண்ணெய்த் தாள் சுற்றிப் பிரிக்காமல் கிடந்தன. விதிப்புத்தகத்தில் கைக்கருவிகளைச் சோதிக்க ஓர் அத்தியாயமே உண்டு. கூர், எடை, காம்பின் நேர்மை. முன்கை மயிரை மழித்துப் பார்த்தேன், மழித்தது. தராசில் வைத்தேன், சரியாக இருந்தது. காம்பை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ரூல்தடி மாதிரி இருந்தது. பன்னிரண்டும் தேறின. தோட்டக்காரர் ஒன்றை வாங்கிப் பார்த்தார்.

"இது மரம் சாய்க்கிற கோடாலிங்க கிராணியாரே. பொளக்குறதுக்கு இது ஆவாதுங்க."

"கோடாலின்னா கோடாலிதானே?"

"அப்படிப் பாத்தா பேனாவும் குச்சிதானுங்களே."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அது உண்மை என்பதால் இன்னும் பிடிக்கவில்லை.

கைவிடப்பட்ட ரப்பர் தோட்டத்திலிருந்து மாட்டுவண்டியில் உருட்டுக்கட்டைகள் வந்தன. பச்சை ரப்பர் மரம் எளிதில் பிளக்கும். வந்தவை அரை வருஷம் வெட்டிப்போட்டுக் காய்ந்த கிழட்டு மரங்கள். பால் வெட்டிய பக்கமெல்லாம் தழும்பேறி, நார் முறுக்கிக்கொண்டிருந்தது. போதாததற்குச் சாலையோரம் விழுந்த தூங்குமூஞ்சி மரமும் சேர்ந்து வந்தது. அதன் நார் பின்னிய சடை மாதிரி. நேர்வழி என்பதே கிடையாது.

முதல் அடியிலேயே கோடாலி நாலு விரல் ஆழம் உள்ளே போய் நின்றது. மரம் பிளக்கவில்லை, கோடாலியும் வரவில்லை. தோட்டக்காரர் கட்டையைக் காலால் மிதித்துப் பிடிக்க, நான் காம்பைப் பிடித்து இழுத்தேன். பிறகு நான் மிதிக்க அவர் இழுத்தார். மத்தியானத்துக்குள் மூன்று கட்டைகளில் மூன்று கோடாலிகள் நின்றன. அந்த வழியாகப் போன ஒரு ஜப்பானியச் சிப்பாய் நின்று பார்த்துவிட்டு, ஏதோ கண்காட்சி என்று நினைத்தவன் போல மரியாதையாகப் போனான்.

மூன்றாம் நாள் ஒரு கோடாலி ஆழமாக மாட்டிக்கொண்டது. இன்னொரு கோடாலியின் முதுகால் அதன் முதுகில் அடிக்கச் சொன்னேன். இரும்பை இரும்பால் அடித்தால் இறங்கும் என்பது என் தர்க்கம்.

"வேணாங்க, காம்பு போயிரும்," என்றார் தோட்டக்காரர்.

"அடிங்க, நான் சொல்றேன்."

அடித்தார். குறி தவறிக் காம்பில் பட்டது. காம்பு கழுத்தோடு ஒடிந்தது.

அரசாங்கக் கருவி உடைந்தால் ஒரு நாளுக்குள் எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு பாரம் உண்டு. யார் கையில் உடைந்தது என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. யார் சொல்லி உடைந்தது என்று கட்டம் இல்லை. இருக்கிற கட்டத்தைத்தான் நிரப்ப முடியும். தோட்டக்காரரின் பெயரை எழுதி, காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று போட்டேன். அந்தப் பாரத்தில் எல்லோரும் போடும் சொல் அது. கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்தேன். எனக்கு அவர் மேல் எந்த விரோதமும் இல்லை. விதி அது.

நான்காம் நாள் தலைமைக் கிராணி வந்து பார்த்தார்.

"முழங்கால் வரைக்கும் வந்திருக்கு."

"ஆமாங்க ஐயா."

"சயாமுக்கு முழங்கால் வரைக்கும் மட்டும் போற வசதி இல்ல தம்பி."

ஐந்தாம் நாள் ஆப்பு தேடிப் போனேன். கோடாலி பிளக்காத மரத்தை ஆப்பு பிளக்கும் என்று யாரோ சொன்னார்கள். ஜாலான் துக்காங் எமாஸ் தங்க வேலைக்காரர்களின் தெரு. அதன் நீட்சியில் இரும்புக் கொல்லர்கள் இருந்தார்கள். அங்கே ஒரு சீனக் கொல்லர் அணைந்த உலைக்கு முன்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"இரும்பை எல்லாம் ஜப்பான்காரன் கப்பலுக்குன்னு அள்ளிட்டுப் போயிட்டான்," என்றார் மலாயில். "நீ இரும்பு கொண்டா, ஆப்பு அடிச்சுத் தரேன். உங்க ஆபீஸ் கேட்டைக் கழட்டிக் கொண்டாயேன், பத்து ஆப்பு வரும்."

திரும்பும்போது அதே தெருவில் பிள்ளையார் கோவில். பட்டியலிலிருந்து என் பெயர் போனால் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். அதுவரை நான் தவறில்லாமல் பிளந்த ஒரே பொருள் தேங்காய்தான்.

நாங்கள் காஜா பெராங்கில் செட்டிகள் குடியிருப்பை ஒட்டி ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கு வந்ததும் மனைவி என் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். கொப்புளத்துக்கு மேல் கொப்புளம்.

"ரெண்டு ஆம்பளைங்க அஞ்சு நாளா என்னதான் பண்றீங்க?"

"மரம் முறுக்கு மரம்."

"பக்கத்து வீட்டு அக்கா ஒத்தையில பொளக்குறாங்க. ஒரு அடி, ஒரு சத்தம். கட்டை ரெண்டா விழுற சத்தம் நம்ம அடுப்படி வரைக்கும் கேக்குது."

"அது சுள்ளியா இருக்கும்."

"காதுக்கும் விதிப்புத்தகம் வேணுமா? போய்ப் பாருங்க."

பக்கத்து வீட்டுப் பெண்மணி செட்டிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் மலாக்காவில் பல தலைமுறை. நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழ் அவருக்குக் கோவிலில் கேட்பதோடு சரி. மரவள்ளிக் கிழங்கில் பலகாரம் அவித்துத் தெருவில் விற்பார். அரிசி மாவு இருந்த காலத்தில் அதில் செய்தவர். மாவு போய்க் கிழங்கு வந்தபோது கைப்பக்குவத்தை மட்டும் மாற்றிக்கொண்டார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவரை நான் மலாய் முறையில் 'காக்' என்று கூப்பிடுவேன். அக்கா என்று பொருள். அவர் என்னைக் கிராணி என்பார். எங்கள் பேச்சு மலாயில்தான் நடந்தது. நான் தமிழில் எழுதுகிறேன்.

வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவர் முன்னால் ஒரு தூங்குமூஞ்சிக் கட்டை நின்றது. அதன் நடுவை அவர் தொடவேயில்லை. ஓரத்தில் ஓர் அடி. ஒரு பத்தை உரிந்து விழுந்தது. கட்டையைச் சற்றுத் திருப்பி மறு ஓரத்தில் ஓர் அடி; இன்னொரு பத்தை. கூடைப்பந்தளவு கட்டை கரைந்து கரைந்து தொடையளவு ஆனபோது, மேல்முகத்தில் ஏற்கெனவே இருந்த வெடிப்பைப் பார்த்து நடுவில் ஒன்று போட்டார். திறந்துகொண்டது.

"என்ன கிராணி, தலையை வேலி மேல வச்சுட்டு மறந்துட்டீங்களா?"

"காக், அந்தக் கோடாலியைக் கொஞ்சம் பாக்கலாமா?"

"பாக்குறதுக்கு அதுல என்ன அழகு இருக்கு? வாங்க."

அழகு இல்லைதான். கறுத்த இரும்பு, பின்பக்கம் சம்மட்டி மாதிரி தட்டை, முன்பக்கம் தடித்துப் பிதுங்கிய இரண்டு கன்னங்கள். வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாலும் கீறாது. காம்பு கொய்யாக் கிளையில் வீட்டிலேயே செதுக்கியது, சற்று வளைந்தது. என் சோதனைகள் எதிலும் அது தேறாது. திருப்பிப் பார்த்தேன். இடது கன்னத்தில் உளியால் வெட்டிய ஒரு பெருக்கல் குறி.

அந்தக் குறியை எனக்குத் தெரியும்.

யுத்தத்துக்கு முந்திய வருஷம் ஸ்டோரில் பயனற்ற பொருள்களைக் கழிக்க ஒரு குழு உட்கார்ந்தது. எழுதியவன் நான். ஓட்டை வாளிகள், பல் போன ரம்பங்கள், இவற்றுக்கு நடுவில் இந்த இரும்பு. கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். 'கோடாலி, ஒன்று. வாய் மழுங்கியது. தீட்டியும் பயனில்லை. கழிக்கலாம்.' கழித்த பொருள் மறுபடி ஸ்டோருக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக என் கண் முன்னால் உளியால் குறி வெட்ட வைத்தேன். பிறகு வாளிகளோடு சேர்த்து ஏலத்தில் போயிற்று.

"காக், இது எங்க ஆபீஸ் சாமான்."

"ஆமா. நீங்கதானே வேண்டாம்னு தூக்கிப் போட்டீங்க. நான் அந்த வாளிக்குத்தான் ஏலம் கேட்டேன். வாளி அத்தனையும் ஓட்டை. இது கூட வந்தது. இது ஓட்டையா இல்ல."

"மழுங்கிப் போச்சுன்னு எழுதினேன்."

"எழுதினவரு ஒரு கட்டையைப் பொளந்து பாத்தீங்களா?"

குழுவின் விதிகளில் அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டுச் சயாம் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். இன்னும் ஐந்து நாள். கோடாலியை இரவல் கேட்டேன்.

"அது இந்த முற்றத்தை விட்டு வெளிய போகாது. போன இரும்பு திரும்பி வந்து நான் பாத்ததில்ல."

எனக்கும் அதுவே வசதியாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறி வெட்டிய பொருளை அலுவலக வாசலுக்குள் கொண்டுபோனால் தலைமைக் கிராணி விதியைக் காட்டுவார். அவர் இடத்தில் நானும் காட்டுவேன். கோடாலி மரத்திடம் போக முடியாதென்றால் மரம் கோடாலியிடம் வரலாம். அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

"அப்ப கட்டையை இங்க கொண்டாந்து போடுறேன். இங்கேயே பொளக்கலாம்."

"பொளக்கலாம். என் புருஷன் பொளப்பாரு."

அவர் கணவருக்கு நான்கு மாதமாக வயிற்றுவலி. வீட்டை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

"அவருக்கு உடம்பு சரியில்லையே."

"லாரிச் சத்தம் கேட்டா வயிறு வலிக்கும். கையில ஒரு பட்டியைக் கட்டினா வலி போயிடும்." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பட்டி இருக்குன்னு உங்க பொண்டாட்டி சொன்னா."

"ஒண்ணு தோட்டக்காரர் கையில இருக்கு, காக்."

"தோட்டக்காரர்கிட்ட கோடாலி இருக்கா?"

"பதினொண்ணு இருக்கு."

"அப்ப அவரு பாடு பரவாயில்ல. எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு."

கதவு மறைவிலிருந்து அவர் கணவர் வந்து நின்றார். வயிற்றுவலிக்காரருக்கு இருக்க வேண்டிய தோள்கள் அல்ல அவை. பட்டி கட்டிய என் கையையே பார்த்தார்.

மறுநாள் காலை தோட்டக்காரரிடம் பட்டியைக் கேட்டேன். நாலு நாளைக்குத்தான் என்று சொன்னேன். அடுக்கு நின்றுவிட்டால் இன்னொரு பட்டிக்கு எழுதிப் போடுகிறேன் என்றும் சொன்னேன். எழுதிப் போடத்தான் நினைத்திருந்தேன். அவர் முடிச்சை அவிழ்த்துப் பட்டியை நான்காக மடித்தார்.

"வேர்வையா இருக்குங்க. தோச்சுக் குடுக்கட்டுங்களா?"

"வேணாம், அப்படியே குடுங்க."

'விறகு பிளக்கும் கிளை, காஜா பெராங்' என்று ஒரு குறிப்பு தயாரித்தேன். தலைமைக் கிராணி கையெழுத்துப் போட்டார். அரசாங்கத்தில் ஒரு முற்றத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் அது அலுவலகம். மாட்டுவண்டி அங்கே வந்தது. செட்டி வீட்டுக்காரர் பிளந்தார், நானும் முறை வைத்துப் பிளந்தேன். பட்டையும் சிராயும் பலகார அடுப்புக்கு என்று காக் முதல் நாளே சொல்லிவிட்டார்.

ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. தூக்கிவிட்டு, கனத்தை அதன் போக்கில் விழவிட்டால் போதும். முட்டியை மடக்க வேண்டும். இல்லையென்றால் தவறிய அடி காலுக்கு வரும். கணு உள்ள முனையைக் கீழே வைக்க வேண்டும். கட்டையின் முகத்தில் வெடிப்பு எங்கே என்று பார்க்க வேண்டும். மரம் எங்கே பிளக்கச் சம்மதிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். நான் தோளால் அடித்தபோதெல்லாம் காக் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்: "கிராணி, மரத்தோட என்ன கோபம்? அதுவா உங்க பேரை எழுதுச்சு?"

பிளந்ததை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் அடுக்கினோம்; பத்தாம் நாள் அலுவலக வேலியோரம் அடுக்கு நின்றது. ஆள் உயரம் என்றால் எந்த ஆள் என்று உத்தரவில் இல்லை. தலைமைக் கிராணி குள்ளம். அவரே பக்கத்தில் நின்று அளந்து, தலைக்கு மேல் ஒரு சாண் அதிகம் என்றார். அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அது. ஜப்பானிய அதிகாரி வந்தார். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டை உருவி, முகர்ந்து பார்த்து, ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியவில்லை. யாரையும் அறையவில்லை, ஆகவே நல்ல சொல்லாகத்தான் இருக்க வேண்டும்.

அன்று பிற்பகல் தலைமைக் கிராணி பட்டியலை என்னிடம் நீட்டினார். பதினோராவது வரியில் என் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. மேலே பென்சிலால் வேறொரு பெயர்.

"எண்ணிக்கை பதினொண்ணு தம்பி. அது நம்ம கையில இல்ல."

பென்சில் பெயரைப் படித்தேன். "தோட்டக்காரரா ஐயா?"

"கையில பட்டி இல்ல. தோட்டமும் இல்ல. யாரைப் போடலாம்னு கோப்பையெல்லாம் பாத்தேன். அவன் மேல ஒரு ரிப்போர்ட்டு இருந்துச்சு. கோடாலியை ஒடச்சுட்டானாமே. நீங்க எழுதினதுதான். சுருக்கமா, தெளிவா எழுதியிருக்கீங்க. டைப் அடிச்சுக் கொண்டாங்க. மூணு பிரதி."

அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்யப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் சொல்லித்தான் தோட்டக்காரர் கோடாலியை அடித்தார் என்று எழுந்து போய்ச் சொல்வதற்கு அரை நிமிஷம் போதும். சொல்லியிருந்தால் பென்சிலால் எந்தப் பெயர் திரும்ப வரும் என்பது எனக்குத் தெரியும். கார்பன் தாளின் ஓரங்கள் ஒட்டி நிற்கும்படி தட்டி வைத்தது நினைவிருக்கிறது. என் தட்டச்சில் பிழை இருந்ததில்லை. அன்றும் இல்லை.

லாரி வந்த நாளில் நான் அலுவலகத்தில் இல்லை. முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "அந்தப் பட்டியைக் கழட்டி வெளிய வச்சுட்டு வந்து சாப்பிடுங்க," என்றாள். அதற்குப் பிறகு வீட்டுக்குள் நான் அதைக் கட்டிக்கொண்டு வந்ததில்லை. பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்கவில்லை. தேங்காய் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்தான். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளினோம். ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டதில் முழுதாகத் திரும்பி வந்தது அது ஒன்றுதான். ஸ்டோரைச் சரிபார்க்க ஓர் இளம் அதிகாரி வந்தார். பதிவேட்டின்படி பன்னிரண்டு கோடாலி. பதினொன்று நல்ல நிலையில், ஒன்று காம்பில்லாமல். இத்தனை மாதம் ராணுவத்துக்கு விறகு எதைக் கொண்டு பிளந்தீர்கள் என்று கேட்டார். பதிவேட்டில் இல்லாத ஒரு பொருளைக் கொண்டு என்று சொல்ல முடியாது. இவற்றைக் கொண்டுதான் என்றேன். எவ்வளவு கவனமாகப் பராமரித்திருக்கிறீர்கள் என்று பாராட்டி எழுதிவிட்டுப் போனார்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். குரல் கேட்டுத்தான் ஆளைத் தெரிந்தது. பாதி ஆள்தான் இருந்தார். முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது.

"வேலை திருப்பிக் கெடைக்குங்களா கிராணியாரே?"

உட்காரச் சொன்னேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். அவருடைய கோப்பை எடுத்தேன். பழைய வேலை திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் நடத்தை சுத்தமாக இருக்க வேண்டும். கோப்பைத் திறந்ததும் என் கையெழுத்து.

"அந்தக் கோடாலிக் காம்புக்காகத்தான் அனுப்பிட்டாங்களோன்னு அங்க கெடக்கையில நெனச்சுக்குவேனுங்க," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "பக்கத்துல படுத்திருந்தவன் என்னைக் கேலி பண்ணுவான். ஒரு காம்புக்கா ஆளை அனுப்புவான், உனக்கு ஜொரம் தலைக்கு ஏறிடுச்சும்பான். அவன் போய்ச் சேந்துட்டானுங்க."

"அப்படியெல்லாம் இருக்காது," என்றேன்.

அவர் கோப்பைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். "கை காச்சுப் போயிருக்குங்களே."

"விறகு பொளந்தேன்."

"அந்தக் கோடாலியை வச்சா?"

"இல்ல. வேற ஒண்ணு கெடச்சுது. கனமானது. கன்னம் தடிச்சு, வாய் மழுங்கினது."

"அதாங்க," என்றார் திருப்தியாக. "அதைத்தான் அன்னைக்கே சொன்னேன். நீங்க கேக்கல."

கோப்பில் உள்ள தாள்களுக்கு வரிசை எண் உண்டு. ஒன்றை உருவினால் எண் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே உருவவில்லை. அதன் பின்னால் புதிய தாள் ஒன்று சேர்த்தேன். தவறான கருவியைத் தேர்ந்தெடுத்தவர் ஸ்டோர் கிராணி. காம்பு ஒடிந்தது அவர் இட்ட உத்தரவால். பணியாளர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். தலைமைக் கிராணியின் இடத்துக்குப் புதிதாக வந்தவர் படிக்காமலே ஒப்பமிட்டார். தோட்டக்காரருக்கு வேலை கிடைத்தது. நான் ஓய்வு பெறும்வரை அந்தத் தாளைப் பற்றி ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோப்பில் போடுவதை யாரும் படிப்பதில்லை. அந்த நம்பிக்கையில்தான் முதல் அறிக்கையையும் எழுதினேன்.